இரண்டு நாள் போதுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் விமான நிலைய மேலாளர்களுக்கான பயிற்சி பற்றிய கட்டுரையைப் படித்தேன். பெரிய நிலையங்களை நடத்துபவர்களுக்கு நீண்ட பயிற்சி ஏன் வேண்டும் என்று பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: நாளுக்கு ஓரிரு விமானங்கள் மட்டும் வந்துபோகும் சிறு நிலையங்களில் வேலைப்பளு குறைவாம், அங்கே இருப்பவர்களுக்கு இரண்டு நாள் இணையவழி அறிமுகம் போதுமாம். எழுதியவர் எங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் எழுதியிருப்பார். அந்த இரக்கத்துக்கு நன்றி. ஆனால் அச்சுக்கு அனுப்பும் முன் தாங்கள் ஒரு முறை வாசித்திருப்பீர்களே. இத்தனை ஆண்டுகளாக இந்தத் துறையைப் பார்த்துவரும் தங்களுக்குமா அது உறுத்தவில்லை?

விமானம் குறைந்தால் வேலையும் குறையும் என்று யார் கணக்குப் போட்டது? ஒரே ஒரு விமானம் வருவதானாலும் அது இறங்கும் முன் ஓடுபாதையை முனையிலிருந்து முனை வரை பார்த்தாக வேண்டும். வேலியில் ஓட்டை இருக்கக் கூடாது, விளக்குகள் எரிய வேண்டும், கிடக்கும் கல்லைப் பொறுக்க வேண்டும். ஆடிட்டுக்கு வருகிறவர் கேட்கும் பதிவேடுகளில் ஒன்றும் குறைவதில்லை. பெரிய நிலையத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை இருக்கிறது, துறைக்கு ஒரு தலைவர், அவர் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள இன்னொருவர். இங்கே பாதுகாப்புக் கூட்டத்தைக் கூட்டுபவனும் நான், அதில் பதில் சொல்ல வேண்டியவனும் நான், முடிந்த பிறகு உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதுபவனும் நான்.

தீயணைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் நீளத்தையும் உடற்பகுதியின் அகலத்தையும் வைத்து 1 முதல் 10 வரை வகை பிரித்திருக்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ. இது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்களைப் போன்ற இடங்களுக்கு வரும் ஏடிஆர் 72 என்ற சிறு பயணிகள் விமானம் சுமார் 27 மீட்டர் நீளம், அதாவது 5-ஆம் வகை. அந்த வகைக்குக் குறைந்தது ஒரு தீயணைப்பு வண்டி இருந்தால் போதும். 8-ஆம் வகையிலிருந்து மூன்று வேண்டும். பார்த்தால் எங்கள் பாடு எளிது போலத்தான் தெரியும். மூன்றில் ஒன்று படுத்துக்கொண்டால் அவர்களிடம் இன்னும் இரண்டு நிற்கும். எங்கள் ஒரே வண்டி படுத்துக்கொண்டால் தீயணைப்பே கிடையாது.

ஒரு நாள் அதிகாலைச் சோதனையில் அதுதான் நடந்தது. வால்வைத் திறந்தால் நுரைக்குப் பதில் வெறும் தண்ணீர். டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார், நான் ஒரு கையால் அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு மறு கையால் விமானிகளுக்கான அறிவிப்பான நோட்டாம் வாசகத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன், தோளில் இடுக்கிய போனில் விமான நிறுவனத்துக்காரர் கத்துகிறார். வகையைக் குறைத்து அறிவித்தால் விமானம் வராது, பயணிகள் சட்டையைப் பிடிப்பார்கள். அறிவிக்காமல் விட்டால்? அறிவித்தேன். விமானம் வரவில்லை. அன்று வாங்கிய வசவுகளைத் தங்கள் இதழில் அச்சிட முடியாது. கேட்டுச் சொல்ல பக்கத்து அறையில் ஒரு நிபுணர் இல்லாத இடத்தில், விடிவதற்குள் அந்த முடிவை எடுக்க வேண்டியவனுக்குத்தான் இரண்டு நாள் அறிமுகம் போதும் என்கிறது தங்கள் கட்டுரை.

ஐசிஏஓவும் விமான நிலையங்களின் உலக அமைப்பான ஏசிஐயும் சேர்ந்து 2007 முதல் ஒரு மேலாளர் அங்கீகாரப் பயிற்சியை நடத்தி வருகின்றன. ஆறு பாடங்கள், முடிக்க மூன்று ஆண்டு அவகாசம். அவர்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லை போலும்.

பயிற்சி என்ற பெயரில் எங்களுக்குக் கிடைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பு நடத்திய வகுப்புக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். முதல் அமர்வு கடை வாடகையை உயர்த்துவது எப்படி. அடுத்தது நெரிசல் நேரத்தில் விமானங்கள் வந்துபோக ஸ்லாட், அதாவது நேரம், ஒதுக்குவது. எங்களுக்கு நெரிசல் என்பது இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் ஏப்ரனில், அதாவது விமானம் நிறுத்தும் தளத்தில், நிற்பதுதான், அதுவும் ஒன்று தாமதமாக வந்தால். வகுப்பு நடத்தியவர் என்னிடம் எத்தனை டெர்மினல் என்றார். ஒன்று என்றேன். எத்தனை கேட்? ஒரு கதவு இருக்கிறது என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

கேள்வி நேரத்தில் புல்லைப் பற்றிக் கேட்டேன். புல்லை ஒட்ட வெட்டினால் பூச்சிகள் வெளியே வருகின்றன, பூச்சியைத் தின்னக் கொக்கும் பருந்தும் இறங்குகின்றன. வளரவிட்டால் எலி பெருகி, அதற்கு வேறு பறவைகள் வருகின்றன. எந்த உயரத்தில், எந்த நேரத்தில் வெட்டுவது? விமானத்துக்குப் பறவை எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு 2009-இல் வாத்துக்கூட்டம் மோதி ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானமே சாட்சி. அவர் சொன்ன பதில்: பறவைகளைக் கண்டுபிடிக்கும் ரேடார் வாங்குங்கள். அதன் விலைக்கு எங்கள் டெர்மினலை இன்னொரு முறை கட்டலாம். புல் வெட்டும் ஒப்பந்தக்காரர்தான் கடைசியில் எனக்கு வழி சொன்னார்.

சரி, பயிற்சிதான் இப்படி, செய்தியாவது வருகிறதா? புதிய டெர்மினல் திறப்பு, லவுஞ்சின் பளிங்குத் தரை, ரிப்பன் வெட்டும் பிரமுகர் என்றே பக்கங்கள் நிரம்புகின்றன. சிறு நிலையம் தங்கள் இதழில் இடம்பிடிக்க வேண்டுமென்றால் ஓடுபாதையில் ஒரு நாய் ஓட வேண்டும். ஓடுபாதையின் ஈரநிலையை அறிவிக்கும் புதிய முறை உலகம் முழுவதும் 2021 நவம்பர் 4 அன்று நடைமுறைக்கு வந்தது நினைவிருக்கும். 2020 நவம்பரிலேயே வந்திருக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது. ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தும் தங்கள் இதழ் அதற்கு ஒதுக்கியது கால் பத்தி, அதுவும் முறை அமலுக்கு வந்த பிறகு.

அந்தக் கால் பத்தியை வைத்துக்கொண்டு மழையில் நின்றவன் நான். ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை குறியீடு சொல்ல வேண்டும். காய்ந்திருந்தால் 6. 3 மில்லிமீட்டர் வரை ஈரம் என்றால் 5. அதைத் தாண்டித் தண்ணீர் நின்றால் நேராக 2. இடையில் ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் விமானிக்கு அது இறங்கலாமா வேண்டாமா என்ற வித்தியாசம். காகிதத்தில் எளிதாக இருக்கிறது. முட்டிபோட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும், தண்ணீர் எங்கேயும் சமமாக நிற்பதில்லை. நடுப்பகுதி மேடு, அங்கே வழிந்துவிடும். சக்கரம் பட்டுப் பட்டு அமுங்கிய தடத்தில் தேங்கி நிற்கும். எதை எழுதுவது? பரப்பில் கால் பங்குக்கு மேல் இருக்கிறதா என்று இருட்டில் எப்படிக் கணிப்பது? டவரிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மேலே விமானம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை கேட்டு அப்போதே எழுதினேன். கடிதம் கிடைத்தது என்ற பதில்கூட வரவில்லை.

சிறிய இடம் என்பதால் விபத்தும் சிறியதாகவே வரும் என்று நினைத்தால், அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரத்து புளூகிராஸ் நிலையத்தைப் பாருங்கள். 2006 ஆகஸ்ட் 27, விடியும் முன், ஒரு சிறிய ஜெட் 22 என்ற ஓடுபாதைக்குப் பதில் அதைவிட மிகக் குட்டையான 26-இல் ஏறி, அங்கிருந்து பறக்க முயன்று நொறுங்கியது. இருந்த 50 பேரில் பிழைத்தவர் துணை விமானி ஒருவரே. விசாரணை அறிக்கை விமானிகள் மேல்தான் முதன்மைக் காரணத்தை வைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வாரம்தான் கட்டுமான வேலைக்காக டாக்ஸி வழி, அதாவது விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் பாதை, மாறியிருந்தது, விமானிகளின் கையிலிருந்த வரைபடம் தரையில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை, டவரில் பணியில் இருந்தவரும் ஒருவர்தான். அறிக்கையின் அந்தப் பக்கங்களை எந்தப் பெரிய நிலையத்துக்காரர் படிக்காவிட்டாலும் எங்களைப் போன்றவர்கள் படித்தாக வேண்டும். ஓடுபாதை வேலை நடக்கும் வாரத்தில் தடுப்பு வைப்பதும், நோட்டாம் கொடுப்பதும், பழைய மஞ்சள் கோட்டை அழித்தார்களா என்று நடந்து பார்ப்பதும் ஒரே ஆள்தான்.

அப்புறம், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழு அளவிலான அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும் என்பதும் எங்களுக்கும் உண்டு. காயம்பட்டவர்களாகப் படுக்கவே ஆள் போதாமல், டிக்கெட் கவுன்டர் பையனுக்குச் சிவப்பு மை தடவிப் படுக்கவைத்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன், அச்சிடுவீர்கள் என்றால்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பயிற்சி வகுப்புகளின் தேதியை இரண்டு மாதம் முன்னதாக வெளியிடுங்கள்; நான் ஒரு நாள் வெளியே போக வேண்டுமென்றால் வேறொரு நிலையத்திலிருந்து மாற்று ஆள் வர வேண்டும், சென்ற முறை அறிவிப்பு வந்த இதழ் என் கைக்குக் கிடைத்தபோது பதிவு முடிந்துவிட்டிருந்தது. இதழுக்கு அரைப் பக்கம், எந்த விதி மாறுகிறது, எந்தத் தேதி முதல் என்று மட்டும் போடுங்கள். படம் வேண்டாம்.

பெயரையும் நிலையத்தையும் தவிர்த்துவிடவும். என் மேலதிகாரிகளும் தங்கள் சந்தாதாரர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு சிறிய விமான நிலையத்தின் மேலாளர்