'இணையம்' என்று ஓர் ஓவியர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், சென்னையின் மழைநீர் வடிகால் பணிகளைப் பற்றிய கட்டுரையின் நடுவே ஒரு கருத்துப்படம் வெளியாகியிருந்தது. வீட்டு வாசலில் தோண்டிய பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் பலகையில் தயங்கித் தயங்கிக் கால் வைக்கும் விருந்தாளியிடம், வீட்டுக்காரர் 'தைரியமா வாங்க, பலகை புதுசு. பள்ளம்தான் போன வருஷத்தது' என்கிறார். படத்தின் கீழே 'படம்: இணையம்' என்று அச்சிட்டிருந்தீர்கள். அதை வரைந்தவன் நான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாத இதழுக்காக, ஒரு முறை வெளியிடுவதற்கு மட்டும் என்று சொல்லிக் கொடுத்த படம் அது. வலது கீழ்மூலையில் இருந்த என் கையெழுத்து, விருந்தாளியின் செருப்போடு சேர்த்து வெட்டப்பட்டிருக்கிறது. செருப்பு போனதைப் பொறுத்துக்கொள்வேன்.

தங்கள் நாளிதழ் ஒன்று மட்டும் இப்படிச் செய்திருந்தால் தொலைபேசியில் பேசி முடித்திருப்பேன். பத்தொன்பது ஆண்டுகளாக எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல், மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் உட்கார்ந்தபடி, பத்திரிகைகளுக்குக் கருத்துப்படம், நகைச்சுவைத் துணுக்குகளுக்குப் படம், கம்பெனிகளின் நாள்காட்டிகளுக்குக் கேலிச்சித்திரம், கல்யாண வரவேற்புகளில் விருந்தினர்களின் உருவங்கள் என்று வரைந்து குடும்பம் நடத்துகிறவன் நான். கடை வைத்திருப்பவர் வாசலில் பலகை மாட்டிக்கொள்வார். எங்களைப் போன்ற ஃப்ரீலான்ஸ் ஓவியர்களுக்குப் படத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சிறிய கையெழுத்தைத் தவிர வேறு பலகை கிடையாது. அதைப் பார்த்து யாரேனும் விசாரித்தால்தான் அடுத்த வேலை வரும்.

இதே வடிகால் படத்தைத் திருச்சியில் இருக்கும் என் பெரியம்மா சென்ற ஆண்டு வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, 'எவ்வளவு நல்லா வரைஞ்சிருக்கான் பாரு, நீயும் இந்த மாதிரி ஏதாவது பண்ணக் கூடாதாடா?' என்று கேட்டார். என் கையெழுத்து இருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய முகநூல் பக்கத்தின் பெயர் இருந்தது. 'அது நான் வரைஞ்சதுதான் பெரியம்மா' என்றேன். சற்று யோசித்துவிட்டு, 'அப்படின்னா பேர் போட்டிருக்க மாட்டியா?' என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒரு படத்தை வரைய அரை மணி நேரம்தானே ஆகிறது, அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைப்பவர்கள் உண்டு. கருத்துப்படத்தில் வரைவது கடைசி வேலை. காலையில் நாலைந்து நாளிதழ்களைப் படித்து, எந்தச் செய்தி மறுநாள் வரை சூடு ஆறாமல் இருக்கும் என்று கணித்து, அதை வாசகருக்கு ஏற்கெனவே பழக்கமான ரேஷன் கடை வரிசை, சலூன் நாற்காலி, பேருந்து நிறுத்தம் போன்ற ஏதோ ஒரு காட்சிக்குள் கொண்டுவந்து வைத்து, வசனத்தில் ஒவ்வொரு சொல்லாகக் களைந்த பிறகுதான் பென்சிலைத் தொட முடியும். மேற்சொன்ன படத்தில் வசனம் முதலில் 'பள்ளம் போன வருஷத்தது, பலகைதான் புதுசு' என்றே இருந்தது. செய்தி அதுவேதான், ஆனால் சிரிப்பு வரவில்லை. விருந்தாளியைத் தைரியப்படுத்துவதுபோல் பலகையில் தொடங்கி, பள்ளத்தின் வயதைக் கடைசியில் சொன்னபோதுதான் அது நகைச்சுவையாயிற்று. இந்த இடமாற்றத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முற்பகல் முழுவதும் ஆனது. கோடுகளுக்கு நாற்பது நிமிடம்.

உருவக் கேலிச்சித்திரத்தின் சங்கதி வேறு. மூக்கைப் பெரிதாக்கினால் ஆள் வந்துவிடுவார் என்று பலரும் நம்புகிறார்கள். இரு கண்களுக்கு நடுவே உள்ள தூரம், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே உள்ள வெளி, நெற்றிக்கும் தாடைக்கும் உள்ள விகிதம் ஆகியவற்றில், பொதுவாக நாம் காணும் முகங்களிலிருந்து இவருடைய முகம் எங்கே விலகுகிறது என்று முதலில் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. மற்றவற்றை அதற்கேற்பக் குறைக்கவும் வேண்டும். தாடையைப் பெரிதாக்கியவர் நெற்றியைச் சுருக்காவிட்டால் அது வீங்கிய முகமாகத் தெரியுமே தவிர, அந்த மனிதராகத் தெரியாது. ஒரே ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது என்பதால், அரசியல்வாதி ஒருவரை முதன்முறை வரையும்போது அவர் பேசும் காணொளிகளை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். பிறப்பில் வந்த நிறத்தையும் உடற்குறையையும் நான் தொடுவதில்லை. மீசை, சால்வை போடும் விதம், மைக்கைப் பிடிக்கும் கை என்று அவர் தாமே தேர்ந்துகொண்டவற்றை மட்டும் மிகைப்படுத்துவேன். இது என் சொந்த விதி. என்னைவிடச் சிறந்த ஓவியர்கள் சிலர் இதை ஏற்பதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கலை புதிதன்று. 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழிலேயே பாரதியார் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். 1930-களில் ஆனந்த விகடனில் வரைந்த மாலி, சங்கீத வித்வான்களைச் சில கோடுகளில் பிடித்த கேலிச்சித்திரங்களை இன்றைக்கும் சபா வட்டாரங்களில் நினைவுகூர்கிறார்கள். கோபாலன் என்ற இளைஞருக்குக் 'கோபுலு' என்றும், சீனிவாசன் என்ற இளைஞருக்குச் 'சில்பி' என்றும் பெயர் வைத்தவர் அந்த மாலிதான். ஓவியருடைய பெயரைப் படத்தின் ஒரு பகுதியாகவே கருதிய காலம் அது. ஒரு வரி வசனம்கூட இல்லாமல் கோபுலு வரைந்த சிரிப்புப் படங்களை ரசித்தவர்கள், அவை யாருடையவை என்று தெரிந்தேதான் ரசித்தார்கள்.

பெயர் போடுவது பெருமைக்காக மட்டும் என்றும் எண்ண வேண்டாம். 1987-இல் அட்டையில் வெளியான ஒரு நகைச்சுவைப் படத்துக்காக விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டப்பேரவை 3 மாதச் சிறைத்தண்டனை விதித்ததும், எதிர்ப்பு எழுந்ததால் அவர் சில நாள்களிலேயே விடுவிக்கப்பட்டதும், 1994-இல் உயர்நீதிமன்றம் அவருக்கு அடையாளமாக 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னதும் தாங்கள் அறியாததன்று. ஒரு பத்திரிகைக்குள் இருந்து வரைகிறவருக்கு ஆசிரியர் என்றொரு குடை இருக்கிறது. வெளியில் இருந்து வரைகிறவனுக்கு அது இல்லை. தன் படத்தால் வரும் வம்பு முழுவதையும் தானே ஏற்க வேண்டும். வம்புக்கு மட்டும் என் பெயர் வேண்டும், பாராட்டுக்கு 'இணையம்' போதும் என்றால் எப்படி?

சட்டத்தில் இதற்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், வரைந்தவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. உரிமையை மற்றவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அவ்வாறு விற்றுவிட்ட பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவும், பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் படைப்பாளிக்கு இருக்கும் உரிமையை 57-ஆம் பிரிவு தனியே காப்பாற்றுகிறது. 'காசு கொடுத்துட்டோமே சார், இனிமே அது எங்க படம்தானே' என்று என்னிடம் பேசும் வடிவமைப்பாளர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எனக்கே முதல் பத்து ஆண்டுகள் தெரியாது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக வரையச் சொன்ன உருவப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வரையச் சொன்னவருக்கே உரியது. கல்யாண வரவேற்பில் மேடைக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கு ஐந்து நிமிடமாக மூன்று மணி நேரம் நான் வரையும் படங்களை அவர்கள் வீட்டில் மாட்டினாலும், அட்டையில் அச்சிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே எனக்குள்ள சிக்கல்கள் வேறு. சென்ற தையில் வடபழனியில் ஒரு பெண்ணின் தந்தை, 'மாப்பிள்ளை மூக்கைக் கொஞ்சம் அடக்கி வாசிங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க பாத்துட்டிருக்காங்க' என்று காதோடு சொன்னார். அடக்கி வாசித்தேன். மாப்பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டு, 'இது நான் மாதிரியே இல்லையே' என்றார்.

இப்போது அந்த வேலையும் குறைந்துவருகிறது. கைப்பேசியில் புகைப்படத்தைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் கார்ட்டூன் போல ஆக்கித் தரும் செயலிகள் வந்துவிட்டன. அவை தருவதைக் கேலிச்சித்திரம் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. நான் பார்த்தவரை, எல்லோருக்கும் ஒரே பெரிய கண்ணும் ஒரே வழவழப்பான கன்னமும் வைத்து அனுப்புகின்றன, யாரையும் கிண்டல் செய்யத் துணிவதில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். இயந்திரம் வரைந்த படத்துக்குச் சில இதழ்கள் 'படம்: ஏஐ' என்று நேர்மையாகப் பெயர் போடுகின்றன. மனிதன் வரைந்தால்தான் அது 'இணையம்' ஆகிவிடுகிறது.

சன்மானத்தைப் பற்றி விரிவாக எழுத விரும்பவில்லை. குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிறு தொழில்களுக்கான அரசின் 'உத்யம்' பதிவைச் செய்துகொண்ட என் போன்றவர்களின் வேலையை ஏற்றுக்கொண்ட நிறுவனம், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. நானும் பதிந்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு முறை, எட்டு மாத நிலுவைக்காக, ஒரு விளம்பர நிறுவனத்துக்கு அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பணம் மூன்றாம் நாள் வந்தது. வேலை அதன் பிறகு வரவே இல்லை.

ஆகவே, சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. தங்கள் பக்க வடிவமைப்பாளர்கள் ஒரு கேலிச்சித்திரத்தை எடுத்தாளும் முன், அதன் மூலையில் ஒரு கிறுக்கல் இருக்கிறதா என்று பார்க்கும்படியும், அதை வெட்டாமல் படத்தைச் சிறிதாக்கும்படியும், வரைந்தவரைத் தேடிக் கேட்கும்படியும் சொல்லுங்கள். பத்திரிகைத் துறையில் இருப்பவர்களுக்கு ஓர் ஓவியரைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமன்று. எவ்வளவு தேடியும் தெரியாவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, அதே இடத்துக்கு உள்ளூர் ஓவியர் ஒருவரிடம் புதிதாகக் கேளுங்கள். அரைப் பக்க விளம்பரத்துக்கு வாங்கும் தொகையில் அவருடைய சன்மானம் ஒரு துளியாகத்தான் இருக்கும். வடிகால் படத்துக்கு எனக்குத் தனியாகப் பணம் எதுவும் வேண்டாம். அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். என் பெயரைத் தனியே மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்.

இக்கடிதத்தின் கீழே மட்டும் அந்தப் பெயரைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம். படத்துக்குப் பெயர் கேட்கிறவன் கடிதத்துக்கு ஏன் ஒளிகிறான் என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டு இடங்களிலிருந்து எனக்கு இன்னும் பணம் வரவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கேலிச்சித்திர ஓவியர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.