வெற்றிடத்தைப் பார்த்து நடித்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இரட்டை வேடப் படங்கள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். 1940-ல் பி.யு. சின்னப்பா நடித்த 'உத்தம புத்திர'னில் தொடங்கி இன்றைய கம்ப்யூட்டர் வேலை வரை எழுதியிருந்தீர்கள். ஆனால் பெருமை முழுவதையும் கேமராவுக்கே கொடுத்துவிட்டீர்களே! மார்த்தாண்டத்தில் முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்தியவன் நான். கேமராக்காரனே மறுத்துச் சொன்னால் நம்புவீர்கள் என்றுதான் இந்தக் கடிதம்; நீங்கள் விட்டுவிட்ட பவுல் வெகெனர் என்ற ஜெர்மன் நடிகரைப் பற்றிச் சொல்லவும்தான்.

எழுபதுகளில் எங்களிடம் 'டபுள் ஆக்ட்' போட்டோவுக்கு நல்ல கிராக்கி. ஒரே ஆள் தனக்குத்தானே வெற்றிலைத் தட்டு நீட்டுவது மாதிரி இருக்கும். மரப்பெட்டி ஸ்டாண்டு கேமராவின் லென்ஸில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி ஒரு எக்ஸ்போஷர். தாளை மாற்றி மூடி அதே பிளேட்டில் இன்னொன்று. நடுவில் ஸ்டாண்டு நூல் அளவு அசைந்தாலும் போச்சு. அதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். வராதது கண். பக்கத்துக் கருங்கல் ஊரிலிருந்து வந்த ஒரு புதுமாப்பிள்ளை, "அண்ணே, அங்க யாருமே இல்லியே, எங்க பாக்கதுக்கு?" என்று கேட்டார். பிரிண்ட் போட்டால் இரண்டு மாப்பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு சுவரைப் பார்க்கிறார்கள்! அதற்கு அப்புறம் கடைப் பையனை எதிர் நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்தப் பாதி மூடியிருப்பதால் அவன் படத்தில் விழமாட்டான்.

இதை 1913-லேயே திரையில் செய்து காட்டியவர்தான் அந்த வெகெனர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டு மேடைக்குப் போனவர். பெர்லினில் நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் குழுவில் பேர் வாங்கியவர். ஒரு ஆள் தன்னோடு தானே சீட்டாடுகிற வேடிக்கைப் போட்டோக்களைப் பார்த்துத்தான் சினிமா ஆசையே வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எங்கள் சரக்கேதான்! அப்படிப் பிறந்தது 'பிராகின் மாணவன்' என்ற படம். பணத்துக்காகக் கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தையே விற்றுவிடுகிறான் ஒரு மாணவன். பிம்பம் கண்ணாடியை விட்டு இறங்கி நடந்து வருகிறது. ஒளிப்பதிவாளர் கீடோ சீபர் ஒரே பிலிமை இரண்டு முறை ஓட்டி எடுத்தார், சரி. ஆனால் வெற்றிடத்தைப் பார்த்து முகம் வெளிறியது வெகெனர். பேசாப் படம் வேறு. வசனம் வந்து காப்பாற்றாது.

பிறகு இயக்கத்திலும் இறங்கினார். யூதர்களின் பழங்கதையில் வரும் களிமண் பூதமான கோலெம் கதையை மூன்று முறை எடுத்து, மூன்றிலும் தானே பூதமாக நடித்தார். 1920-ல் வந்ததுதான் இன்றும் பேசப்படுவது. கடைசியில் ஒரு சின்னப் பெண் ஆப்பிளை நீட்டுகிறாள், பூதம் அவளைத் தூக்குகிறது, அவள் விளையாட்டாக அதன் மார்பிலிருந்த நட்சத்திரத்தைப் பிடுங்க, சரிந்து விழுகிறது. அத்தனை கனமான உடம்பு குழந்தையைத் தூக்கும்போது மட்டும் எப்படி லேசாகிறது என்று கவனியுங்கள்.

ஹிட்லர் ஆட்சியில் பிரசாரப் படங்களிலும் நடித்தார். அதை மறைக்கக் கூடாது. போர் முடிந்து 1945 செப்டம்பரில் பெர்லினின் டாய்ச்சஸ் தியேட்டர் என்ற நாடக அரங்கு மறுபடி திறந்தபோது, நாஜிகள் தடுத்து வைத்திருந்த, ஜெர்மன் நாடகாசிரியர் லெஸ்ஸிங்கின் நாடகத்தில் யூத வணிகர் நாத்தானாக நின்றவரும் அவரே. வயது 70. மூன்று வருடத்தில் இறந்துபோனார்.

அடுத்த இணைப்பில் இவருக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கருங்கல் மாப்பிள்ளையின் கெட்டுப்போன அந்தப் பிரிண்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் இப்போது தாத்தா; சம்மதம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன், பக்கத்தில் போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.