பண்ணைக் கரைக் கச்சான் ஆச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

மறதியில எங்கயோ நடந்து போய்க் காணாமல் போன எங்கட அப்பா வீட்ட வந்து சேந்திட்டார். சாப்பிட்டவர், நித்திரை கொண்டவர், காலமை எழும்பிப் பேப்பர் எங்க எண்டு கேட்டவர். என்ன நடந்தது எண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும், திருப்பி எழுத எனக்கு இன்னும் கை நடுங்குது. ஆனா நன்றி சொல்லாமல் இருக்க ஏலாது.

அப்பாவைக் காணேல்லை எண்டு நாங்கள் போட்ட போஸ்ட்டை ஷெயார் பண்ணினாக்கள், மோட்டச்சைக்கிளில வெயிலெண்டும் பாக்காமல் சுப்பிரமணியம் பூங்கா, பஸ் ஸ்டாண்ட், சுண்டுக்குளி பழைய பூங்கா எண்டு சுத்தித் தேடின பெடியள், பொலிசில எங்களை இருத்தி ஆறுதலாக் கதைச்ச அக்கா, வெளிநாட்டில இருந்து விடாமல் கோல் எடுத்த சொந்தங்கள், கடைசியாப் போட்டோவில கண்ட முகம் எண்டு அடையாளம் பிடிச்சு ஃபோன் அடிச்ச ஓட்டோக்காரத் தம்பி, ஒருத்தரையும் மறக்கமாட்டம்.

ஆனா நான் முக்கியமா எழுத வந்தது யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னால, பண்ணைக் கடற்கரையில கச்சான் விக்கிற ஆச்சியைப் பற்றி. அவவிட்ட ஃபேஸ்புக்கும் இல்லை ஒண்டும் இல்லை, எங்கட போஸ்ட் அவவுக்குத் தெரியவே தெரியாது. பின்னேரம் ஒரு வயசான மனுசன் வீட்ட போகவேணும் எண்டு சொல்லிச் சொல்லிக் கடல் பக்கமா நடக்கிறதைக் கண்டிருக்கிறா. சட்டைப்பையில பேனை இருந்ததாம், அதைப் பாத்திட்டு "மாஸ்டர், இஞ்ச வாங்கோ, இந்தக் கோட்டை ஆர் கட்டினது?" எண்டு கேட்டிருக்கிறா. அவ்வளவுதான், அப்பா வாங்கில இருந்து பாடம் தொடங்கிட்டார். 1619இல போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சது, 1658இல ஒல்லாந்தர் வந்தது, பேந்து அவை கோட்டையை ஐஞ்சு மூலையா மாத்திக் கட்டினது எல்லாம் ஒழுங்கா வந்ததாம். காலமை என்ன சாப்பிட்டது எண்டு கேட்டாத் தெரியாது, இது மட்டும் பிசகாது.

அவர் எழும்பிற நேரமெல்லாம் ஆச்சி அடுத்த கேள்வியைப் போட்டிருக்கிறா. மணிக்கூட்டுக் கோபுரம் ஏன் வந்தது? 1875இல வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்த நினைவுக்கு. பழைய பூங்கா ஆற்ற? 1829இல இருந்து சாகுமட்டும் யாழ்ப்பாணத்தில அரசாங்க அதிபரா இருந்த டைக் துரை தன்ர வீட்டைச் சுத்தி வளத்த தோட்டம், பிறகு வாற அதிபர்மாருக்கு எண்டு எழுதி வச்சிட்டுப் போனவர். நூலகம் எண்டு கேட்டவுடன 1981இல எரிச்சது, 97,000 புத்தகம் எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் இருந்திட்டாராம். ஆச்சி ஒரு சரை சுடுகச்சானைக் கையில குடுத்து, தேத்தண்ணியும் வாங்கிக் குடுத்து, "ஏன் மாஸ்டர் எங்கட ஊரில ஆறு இல்லை?" எண்டு கதையை மாத்தியிருக்கிறா. அப்பாவுக்குக் கோவம் வந்திட்டுதாம். ஆர் சொன்னது இல்லையெண்டு, வழுக்கையாறு இருக்கு, மாரியில தெல்லிப்பழைப் பக்கம் இருந்து ஓடி அராலியில கடலில விழும், வருசம் முழுக்க ஓடாதபடியாத்தான் ஆத்தங்கரைப் பூங்கா இல்லாமல் பண்ணைக் கரையில வந்து குந்தியிருக்கிறம் எண்டு!

கோட்டைக்கு முன்னால இவ்வளவு காலம் கச்சான் வறுக்கிறவவுக்கு இதுகள் தெரியாதே? அப்பாவை அந்த வாங்கை விட்டு எழும்ப விடக்கூடாது எண்டு மட்டும்தான் அவ யோசிச்சது. யாவாரத்தையும் பாக்கேல்லை, நாங்கள் போய்ச் சேரேக்க அரைவாசிக் கச்சான் அப்பிடியே கிடந்தது. காசு நீட்டினன், "போ பிள்ளை" எண்டு தள்ளிவிட்டா.

பூங்கா எண்டா ஊஞ்சல், சறுக்கி, லைட், நடைபாதை எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். அந்தக் கரையில வாங்கு கட்டினவைக்கும் இப்ப மனசார நன்றி சொல்லுறன், ஆனா அதில அவரை இருத்தி வச்சது ஆச்சிதான்.

இனி அப்பாவைத் தனிய விடமாட்டம், அவற்ற சட்டையிலயெல்லாம் என்ர ஃபோன் நம்பரைத் தைச்சாச்சு. ஞாயிறு பின்னேரங்களில நானும் தம்பியும் மாறி மாறிப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு வாறதா இருக்கிறம். ஆச்சி, அரைவாசிக் கச்சானை நாங்கள் வாங்குவம், நீங்கள் வேண்டாம் எண்டாலும் சரி. ஆனா ஒண்டு, அவர் திருப்பியும் 1619இல இருந்துதான் தொடங்குவார், சொல்லிப்போட்டன்.