கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிடலாமா என்று கேட்ட தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் முழுக்க நலம் விசாரித்திருக்கிறாய், அடுத்த பக்கம் ஹாஸ்டல் கதை. கடைசிப் பக்கத்தின் அடியில், ஓரத்தில் நெருக்கி, “கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டுப் பேச்சு சிகிச்சை படிக்கப் போகலாமா என்று யோசிக்கிறேன், நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்டிருக்கிறாய். மொத்தக் கடிதமும் அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதப்பட்டது என்று புரிந்தது. அதனால் என் செய்திகளைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

நான் நலம். வீட்டில் எல்லோரும் நலம். இந்த வருஷம் பாடங்களைவிட லேப்தான் அதிகம். நம்மோடு படித்தாளே, நோட்டின் ஓரமெல்லாம் படம் வரைந்து வைப்பாளே, அவளைப் பார்த்தேன். அவள் காமர்ஸை விட்டு அனிமேஷனுக்குப் போனது உனக்குத் தெரியும். நன்றாக இருக்கிறாள். அவளைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன், உன் கேள்விக்கு அவள் கதை உதவும்.

முதலில் ஒன்று. இப்படி ஒரு எண்ணம் வந்ததற்காக நீ வெட்கப்பட வேண்டியதே இல்லை. “இரண்டு வருஷம் படித்துவிட்டு இப்போது போய் இப்படி யோசிக்கிறேனே” என்று எழுதியிருக்கிறாய். அமெரிக்காவில் 2011-12ல் இளநிலைப் படிப்பில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிவர மையம் ஒரு அறிக்கை வெளியிட்டது. மூன்று வருஷத்துக்குள் அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முதன்மைப் பாடத்தை மாற்றியிருந்தார். கணிதத்தில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் மாறிவிட்டார்கள். அங்கே மாறுவது சுலபம், சேரும்போதே பாடம் முடிவாகிவிடும் இடங்களில் அப்படி இல்லை. ஆனால் மனசு எங்கேயும் ஒன்றுதான். பதினேழு, பதினெட்டு வயதில், மார்க்கையும் மற்றவர் பேச்சையும் வைத்து எடுத்த முடிவை இருபது வயதில் திரும்பிப் பார்ப்பதில் என்ன தப்பு?

அந்த “இரண்டு வருஷம் வீணாகிவிடுமே” என்ற பேச்சையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைப்போம். ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு, யார் எவர் என்று பார்க்காமல், தள்ளுபடி கொடுத்தார்கள். மற்றவர்கள் முழு விலை கொடுத்தார்கள். நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றேதான். ஆனால் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு அவர்களை இழுத்து வந்து உட்கார வைத்தது. உன் இரண்டு வருஷமும் அந்த வேலையைத்தான் செய்கிறது. நீ தொடர்ந்தாலும் அது போனதுதான், மாறினாலும் போனதுதான். இனி வரப்போகும் வருஷங்களை எங்கே செலவிடலாம் என்பது மட்டும்தான் உன் கையில் இருக்கிறது.

சரி, அப்படியானால் மாறிவிடு என்று சொல்கிறேனா? இல்லை. அவசரப்படாதே. இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இப்போது இருப்பது ஏன் பிடிக்கவில்லை என்பது ஒன்று. போக நினைப்பது ஏன் பிடிக்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதில் இரண்டாவதற்குப் பதில் ஆகாது.

டார்வினையே எடுத்துக்கொள். 1825ல் எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்கப் போனார். மயக்க மருந்து இல்லாத காலம். ஒரு குழந்தைக்கு நடந்த அறுவையைப் பார்க்க முடியாமல் பாதியில் ஓடி வந்துவிட்டார். மருத்துவம் தனக்கு ஆகாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது, ஆனால் எது ஆகும் என்று தெரியவில்லை. அப்பா அவரைப் பாதிரியார் ஆக்கலாம் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அதுவும் அவர் வழி இல்லை. அவருக்கு வழி திறந்துவிட்டது வகுப்புக்கு வெளியே இருந்தது. வண்டு பிடித்துச் சேர்ப்பதும், தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவோடு பேசிக்கொண்டே நடப்பதும். அந்த ஹென்ஸ்லோ சிபாரிசு செய்துதான் 1831ல் பீகிள் கப்பலில் இடம் கிடைத்தது. ஆகவே யாரும் கேட்காமலே நீ எதைப் போய்ப் படிக்கிறாய், எதைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிறாய் என்று கவனி. எனக்குத் தெரிந்து நீ அப்படிப் பேசியது, மூளையை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக்காவைப் பற்றி. 1861ல் பாரிஸில், “தான்” என்ற ஒரே அசையைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாத ஒரு நோயாளி. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பக்கம் சிதைந்திருந்தது. இதை நீ எனக்குப் போனில் சொன்னபோது சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துபோகும் வரைக்கும் நிறுத்தவில்லை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் உன் பழைய கடிதம் ஒன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. முதல் வருஷத்தில் எழுதியது. ராத்திரி முழுக்கத் தேடி, ஒரு லூப்பில் ‘சிறியது’ என்று போட வேண்டிய இடத்தில் ‘சிறியது அல்லது சமம்’ என்று போட்டிருந்ததைக் கண்டுபிடித்து, புரோகிராம் ஓடியதும் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிச் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த சந்தோஷம் இப்போதும் வருகிறதா? வந்தால், உனக்குப் பிடிக்காமல் போனது பாடமாக இருக்காது. ஸ்லைடை அப்படியே வாசிக்கும் வகுப்பாக இருக்கலாம், நாள் முழுக்க யாரோடும் பேசாமல் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்பதாக இருக்கலாம், பிளேஸ்மென்ட் பற்றிய ஓயாத பேச்சாகவும் இருக்கலாம். புரோகிராம் ஓடினாலும் “அப்பாடா, முடிந்தது” என்று மட்டும்தான் தோன்றுகிறதென்றால் அது வேறு விஷயம்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சரியாகத் தூங்குகிறாயா? கம்ப்யூட்டர் மட்டுமா, எல்லாமே சலிப்பாக இருக்கிறதா? எல்லாமே என்றால் முதலில் அங்குள்ள மனநல ஆலோசகரிடம் போய்ப் பேசு. மனசு சோர்ந்து கிடக்கும்போது எந்தப் படிப்பும் கசக்கும், புதுப் படிப்பும் கொஞ்ச நாளில் கசக்க ஆரம்பிக்கும். முடிவை அதற்கு அப்புறம் எடுக்கலாம்.

இப்போது அனிமேஷன்காரியிடம் வருகிறேன். திரையில் ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடுகின்றன. கையால் வரையும் அனிமேஷனில் ஒரு படத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தினாலும் வினாடிக்குப் பன்னிரண்டு படம் வேண்டும். அவள் எனக்குக் காட்டியது ஒரு கை டம்ளரை எடுக்கும் காட்சி. தாளுக்குத் தாள் விரல் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். பார்க்கிற எனக்கே கண் வலித்தது. அவளோ ஏதோ ஒரு தாளில் கட்டை விரல் பெரிதாகிவிட்டது என்று சொல்லி அழித்து வரைந்துகொண்டிருந்தாள், முகத்தில் அலுப்பே இல்லை. அவளோடு சேர்ந்தவர்களில் சிலர் அந்தத் தாள்களைத் தாங்க முடியாமல் போய்விட்டார்களாம். அவர்களுக்குக் கார்ட்டூன் பார்க்கப் பிடித்திருந்தது. இவளுக்கு விரல் வரையப் பிடித்திருந்தது.

எனக்கும் கெமிஸ்ட்ரியில் அதுதான் நடந்தது. டைட்ரேஷன் செய்யும்போது பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயிலிருந்து காரம் அமிலத்தில் சொட்டுச் சொட்டாக விழும். இளஞ்சிவப்பு தோன்றும், ஆட்டினால் மறையும், மறுபடி தோன்றும். ஒரு சொட்டு கூடிப்போனால் அடர்சிவப்பாகிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்து மேசையில் எல்லோரும் புலம்புவார்கள். எனக்கு அந்தக் கடைசிச் சொட்டுக்காகக் காத்திருப்பது பிடித்திருக்கிறது. இந்தத் துறையில்தான் இருக்கப் போகிறேன் என்று நான் நம்புவதற்கு அதுவே பெரிய காரணம். ஒரு வேலையின் சிறப்பு எல்லோருக்கும்தான் பிடிக்கும். அதன் சலிப்பான பகுதியை யாரால் மனசாரச் செய்ய முடிகிறதோ அவர்களுக்குத்தான் அந்த வேலை.

பேச்சு சிகிச்சையில் அந்தச் சலிப்பான பகுதி எது? நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஒரே ஒரு ‘ர’ ஒலிக்காக வாரக்கணக்கில் ஒரு குழந்தையோடு உட்கார வேண்டும். அது அழும், ஓடும், மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு அமர்வுக்கும் குறிப்பு எழுத வேண்டும், அடுத்த இலக்கு என்ன என்று எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் வேலை என்றால் பேச்சைவிட விழுங்குவதுதான் பல நாள் பெரிய வேலை, தெரியுமா? பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர்கூட மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். எதைக் கொடுக்கலாம், எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்று பார்ப்பதும் இவர்கள்தான். பேச்சிழந்தவர் எல்லோருக்கும் பேச்சு திரும்பி வந்துவிடுவதும் இல்லை. முன்னேற்றம் துளித் துளியாக வரும், சிலருக்கு நின்றுபோகும். வீட்டார் உன் முகத்தைப் பார்ப்பார்கள். இதையெல்லாம் நீ ஒரு நாளாவது கண்ணால் பார்த்திருக்கிறாயா? வீடியோவில் பார்த்ததைச் சொல்லாதே. வீடியோவில் குழந்தை முதல் வார்த்தை சொல்லும் நிமிஷம்தான் இருக்கும். அதற்கு முன்னால் போன மாதங்களை யார் எடுத்துப் போடுவார்கள்?

அதனால் ஆழம் தெரியாமல் காலை விடாதே. ஒரு சிகிச்சை மையத்துக்குப் போ, அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்து பார். நோயாளியின் அந்தரங்கம் என்பதால் சில அமர்வுகளுக்கு விடமாட்டார்கள். பரவாயில்லை, விடுவதைப் பார். ஒரு நாள் போதாது. முதல் நாள் எல்லாமே புதுசாக, அழகாகத் தெரியும். அலுக்கும் வரைக்கும் போய்வா. அலுத்த பிறகும் மறுநாள் போகலாம் என்று கால் நகர்கிறதா பார். அங்கே சில வருஷமாக வேலை செய்பவரிடம் “இந்த வேலையில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?” என்று கேள். பிடித்தது என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

அப்புறம் வழி. எல்லா வேலைக்கும் குறிப்பிட்ட பட்டம் தேவைப்படுவதில்லை. மென்பொருளுக்கு, எழுத்துக்கு, வியாபாரத்துக்கு எந்தப் படிப்பிலிருந்தும் வரலாம். மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவற்றுக்கு அந்தப் படிப்பும் பதிவும் இல்லாமல் உள்ளே போக முடியாது. பேச்சு சிகிச்சையும் பல நாடுகளில் இந்த இரண்டாவது வகைதான், மேற்பார்வையில் இத்தனை மணி நேரம் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியோடு. சில நாடுகளில் இளநிலைப் பட்டமே போதும், சில நாடுகளில் முதுநிலை கட்டாயம். நீ வேலை செய்ய நினைக்கும் இடத்தில் எது என்று முதலில் விசாரி. முதுநிலைதான் நுழைவு என்றால், கையில் இருக்கும் பட்டத்தை முடித்து, அவர்கள் கேட்கும் அடிப்படைப் பாடங்களைப் பக்கத்திலேயே படித்துவிட்டுப் போகலாம், எதையும் விட வேண்டிய அவசியமே வராது. இளநிலை என்றால் இப்போதே மாறுவதில் அர்த்தம் இருக்கிறது. படித்த பாடங்களில் எவை கணக்கில் எடுக்கப்படும், உன் ஸ்காலர்ஷிப் தொடருமா, மாற்றத்துக்குக் கடைசித் தேதி எது, இவற்றை எல்லாம் எழுத்தில் வாங்கு. வாய் வார்த்தையை நம்பாதே.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது, அதை ஏன் நீ குறிப்பிடவே இல்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது. ஸ்டீபன் ஹாக்கிங் 1985ல் தொண்டையில் செய்த அறுவைக்குப் பிறகு பேச்சை முழுதும் இழந்தார். அவருக்குக் குரல் கொடுத்தது கம்ப்யூட்டர். பேச முடியாதவர்களுக்கான கருவிகள், காது கேளாதவர்களுக்குப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட்டில் ஒலியைப் பிரிக்கும் மென்பொருள், இதற்கெல்லாம் இரண்டும் தெரிந்தவர்கள் வேண்டும். நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976ல் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அந்த வேலைக்கு எக்ஸ்ரே படிகவியல், அதாவது படிகத்தில் எக்ஸ்ரேயைச் செலுத்தி அமைப்பைக் கண்டறியும் இயற்பியல் முறை, அடிப்படையாக இருந்தது. இயற்பியல் வீண் போகவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கதைகளை மட்டும் நம்பி நீ முடிவெடுக்கக் கூடாது. மாறிப் போய் அங்கேயும் சரிப்படாதவர்களைப் பற்றி யாரும் எழுதி வைப்பதில்லை.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தாய். “பிடிக்கவில்லை” என்று ஆரம்பிக்காதே. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவர் உன்னைத் திடப்படுத்தத்தான் பார்ப்பார், மேலே எதையும் கேட்கமாட்டார். மையத்தில் என்ன பார்த்தாய் என்று சொல். எத்தனை வருஷம் கூடும், செலவு எவ்வளவு, அதில் நீ எவ்வளவு சம்பாதித்துச் சேர்க்க முடியும், கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. அவர் பயப்படுவார். அந்தப் பயம் உன்மேல் இருக்கும் அக்கறைதான். அதனால் ஒரே நாளில் பதில் கேட்காதே, தாளை அவரிடமே விட்டுவிட்டு வா. மறைத்து எதுவும் செய்துவிடாதே, அது மட்டும் வேண்டாம்.

என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் நழுவினால் நீ விடமாட்டாய். நீ போவாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ப்ரோக்காவைப் பற்றிப் பேசிய அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆனால் இந்த செமஸ்டர் தேர்வுகளை ஒழுங்காக எழுதிவிட்டுப் போ. எங்கே போவதானாலும் அந்த மதிப்பெண் பட்டியலைத்தான் முதலில் கேட்பார்கள்.

லீவு தொடங்குவதற்கு முன்பே மையத்துக்கு எழுதி அனுமதி கேட்டுவிடு. கடைசி நேரத்தில் கேட்டால் இடம் இருக்காது. என்ன எழுதுவது என்று குழப்பமாக இருந்தால் எனக்கு அனுப்பு, சேர்ந்து சரி பார்ப்போம். முதல் நாள் போய்விட்டு வந்ததும் போன் பண்ணாதே, எழுது. எல்லாவற்றையும் எழுது, அலுப்பாக இருந்ததையும் சேர்த்து.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி