சீகை வெட்டிய சரிவில் ஒரே புல்லை நடாதீர்கள்

பழனி மலையில் புல்வெளி மீட்பைத் திட்டமிடும் வனத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். சீகை (வாட்டில் என்ற ஆஸ்திரேலிய மரம்) அகற்றிய சரிவில் வேகமாகத் தூர் கட்டும் ஒரே புல்லை நட்டால் முதல் ஆண்டுப் படத்தில் பச்சை தெரியும். கணக்கு எழுதவும் சுலபம். ஆனால் தை மாத உறைபனிக்கோ பங்குனி வெயிலுக்கோ அந்த இனம் தாங்காது என்றால் சரிவு முழுவதும் ஒரே நேரத்தில் கருகும். மண்ணுக்குள் பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும் சீகை விதைக்கு அந்த வெட்டவெளி போதும்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் சூழலியலாளர் டேவிட் டில்மன் குழு 1988 வறட்சியில் அளந்தது இதைத்தான். இனம் மிகுந்த பாத்திகளில் புல்லின் எடை ஏறத்தாழப் பாதியானது. இனம் குறைந்தவற்றில் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அங்கே இனங்கள் குறையக் காரணம் கூடுதலாக இட்ட தழைச்சத்து (நைட்ரஜன்). அப்படியானால் வித்தியாசம் உரத்தாலா, இனத்தாலா என்ற கேள்வி வந்தது, நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட 1994இல் பாத்திக்கு 1 முதல் 16 இனங்கள் வரை விதைத்து, பத்தாண்டு பார்த்தார்கள். இனம் கூடக்கூட மொத்த விளைச்சல் ஆண்டுக்காண்டு அதிகம் மாறாமல் நிலைத்தது. தனித்தனி இனங்கள் மட்டும் கூடுதலாக ஏறி இறங்கின.

சீகையும் மண்ணில் தழைச்சத்து சேர்க்கும் மரம். அந்த மண்ணில் கிகுயு என்ற அயல்நாட்டுப் புல் நுழைந்தால் மற்றதை அமுக்கிவிடும். முதலில் அதை வேரோடு எடுங்கள்.

நடும்போது எண்ணிக்கையை விடக் குணம் முக்கியம். கிரைசோபோகான், யூலாலியா போன்ற தூர்ப்புற்களுக்கு நடுவே வெறும் தரை விழும். அங்கே தரையொட்டிப் படரும் புல்லும் சிறுசெடியும் வேண்டும். இருக்கும் புல்வெளியில் ஒரு தூரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், மூன்று நான்கு கிளைப்புகளாகப் பிரித்து, ஓரடி இடைவெளியில் நடலாம். பாத்திக்கு ஓர் இனம் என்று பிரித்தால் பெயருக்குத்தான் பன்மை: ஒன்று விட்ட இடத்தைப் பிடிக்க இன்னொன்று பக்கத்தில் இருக்க வேண்டுமே! முழுக்கக் கலந்தாலும் மெதுவாக வளர்வது அமுங்கும். ஓரினத்தில் நாலைந்து தூரைச் சிறு கூட்டமாக வைப்பது நல்லது. ஆடி, ஆவணிக்குள் முடித்தால் பனிக்கு முன் வேர் பிடிக்கும். தீ மட்டும் வேண்டாம். சூடு பட்டால் சீகை விதை கூட்டமாக முளைக்கும்.

பிழைத்த நாற்றின் சதவீதத்தோடு அறிக்கையை முடிக்காதீர்கள். ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வைத்து, மழை முடிந்ததும் கோடை முடிவிலும் மொத்தப் புல்மூட்டம் (புல் தரையை மூடியிருக்கும் அளவு), இனவாரி மூட்டம், சீகைக் கன்று மூன்றையும் எழுதுங்கள். ஓரினம் சரிந்து மொத்தம் நின்றால் மறுநடவு தேவையில்லை. ஒப்பந்தத்தில் 'உள்ளூர்ப் புல்' என்று பொதுவாக எழுதாமல் இனப்பெயர், இனவாரித் தூர் எண்ணிக்கை, ஆண்டுக்கு இருமுறை ஈரமண்ணில் சீகைக் கன்று பிடுங்கும் கூலி ஆகியவற்றைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
புல்வெளி மீட்பில் ஈடுபட்டுள்ள தாவரவியலாளர்கள்,
கொடைக்கானல்