ஹாட்ஃபீல்டு மாளிகையைப் பார்த்து வந்த மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

இங்கிலாந்திலிருந்து நீ அனுப்பிய ஹாட்ஃபீல்டு மாளிகைப் படங்களை அப்பாவும் நானும் நேற்று இரவு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சுவரில் இருக்கும் மூன்றாம் சாலிஸ்பரி பிரபு யார் என்று கேட்டிருந்தாய். எனக்கு மட்டும் தனியாக எழுதிய வரியில், உன் கல்யாண விஷயத்தை நானே அப்பாவிடம் பேசிவிட வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். இத்தனை வருடம் வரலாறு நடத்திய எனக்கு, இரண்டையும் சேர்த்தே எழுதத் தோன்றுகிறது.

அந்தப் பிரபுவின் பெயர் ராபர்ட் செசில். 1830இல் அந்த மாளிகையில்தான் பிறந்தார். 23 வயதில் போட்டியே இல்லாமல் நாடாளுமன்றம் போனார். அது உறவினர் ஒருவரின் செல்வாக்கில் இருந்த தொகுதி, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது அவருடைய திருமணத்தால்தான். நீதிபதி ஒருவரின் மகளான ஜார்ஜினா ஆல்டர்சனை அவர் விரும்பினார். பணமும் அந்தஸ்தும் போதாத இடம் என்று தகப்பனார் மறுத்தார். ஊரார் ஒதுக்கிவிடுவார்கள் என்ற எச்சரிக்கைக்கு, இதற்காக என்னை ஒதுக்குகிறவர்களின் சகவாசத்திலிருந்து விடுபடத்தான் நானும் விரும்புகிறேன் என்று தகப்பனாருக்கே நேராகப் பதில் எழுதினார். தூது அனுப்பவில்லை. 1857 ஜூலையில் திருமணம் முடிந்தது. கைச்செலவுக்குப் போதாமல் பத்திரிகைகளுக்குப் பெயர் போடாமல் கட்டுரைகள் எழுதிக் குடும்பம் நடத்தினார். அண்ணன் இறந்ததால் பட்டமும் மாளிகையும் பிறகு அவருக்கு வந்தன. மூன்று முறை பிரிட்டனின் பிரதமரானார். நீ நின்ற நீண்ட கூடத்தின் கூரையில் அவர் போட்ட மின்கம்பிகள் தீப்பிடித்தால், குடும்பத்தார் திண்டுகளை வீசி அணைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார்களாம். 1899இல் ஜார்ஜினா இறந்தபின் அவர் தளர்ந்துபோனார். 1902இல், அவர்கள் மணந்த அதே ஜூலை மாதத்தில், பதவி விலகினார்.

ஆனால் இதோடு நிறுத்தினால் உனக்குப் பாதிதான் சொன்னவளாவேன். 1866இல் இந்தியாவுக்கான அமைச்சரானபோது, ஒரிசாப் பஞ்சத்தைப் பற்றிய எச்சரிக்கை வந்தும் இரண்டு மாதம் அவர் ஒன்றும் செய்யவில்லை. அதற்குள் மழைக்காலம் துறைமுகங்களை மூடிவிட, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அந்தப் பழியிலிருந்து முழுதும் நீங்கியவனாக ஒருபோதும் உணர முடியவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். அப்படிச் சொன்னவர்தான், தாது வருஷப் பஞ்சம் நம் சென்னை மாகாணத்தை அழித்தபோதும் லண்டனில் அதே பதவியில் இருந்தார். பஞ்ச நிவாரண வேலையில் நாள் முழுவதும் மண் சுமந்தவருக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி 1877இல் இங்கே நடைமுறைக்கு வந்தது. இன்று காலை உலை வைக்கும்போது அளந்து பார்த்தேன்; நம் வீட்டு ஆழாக்கில் மூன்று. பக்கிங்ஹாம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். கல்லூரி நாட்களில் தினமும் அதைக் கடந்து போனாய். ஒரிசாவுக்காக வருந்திய மனிதர் இதை நடக்க விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இருந்தாலும், தகப்பனாருக்கு அவர் எழுதிய அந்தக் கடிதத்தை நான் உயர்வாகவே நினைக்கிறேன். ஆகவே அப்பாவுக்கு நீயே எழுது. அந்தப் பெண்ணைப் பற்றி, அவள் வீட்டாரைப் பற்றி, எதையும் மறைக்காமல் எழுது. தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். உறையைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்த பிறகுதான் அப்பா வாய் திறப்பார். அதுவரை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அம்மா