ஆண் கொசு கடிக்காது, கயல்

அன்புள்ள கயல்,

சிங்கப்பூர் தெம்பனிஸில் உங்கள் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். "டெங்குவை ஒழிக்கிறோம்னு சொல்லிட்டு கொசுவையே கொண்டு வந்து விடுறாங்களே, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

விடுவது ஆண் கொசுக்களை மட்டும்தான். ஆணுக்குத் தோலைத் துளைக்கிற ஊசி வாய் கிடையாது. பூந்தேனும் செடிச் சாறும்தான் ஆகாரம். சந்தேகம் வந்தால், சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார். உணர்கொம்பு இறகு போலப் புசுபுசுவென்று இருந்தால் ஆண். பறக்கும் பெண்ணின் சிறகொலியைப் பிடிக்கத்தான் அந்த மயிர்க்கற்றை. பெண்ணின் உணர்கொம்பில் அங்கங்கே நாலு மயிர்தான் இருக்கும்.

இந்த ஆண்களின் உடம்பில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கிறது. மரபணுவை வெட்டி ஒட்டிய சமாச்சாரம் இல்லை. உலகத்துப் பூச்சியினங்களில் ஏறக்குறைய பாதி இதைச் சுமந்துகொண்டுதான் திரிகின்றன. நம் ஊரில் ராத்திரி காதோரம் ரீங்காரமிடும் கியூலெக்ஸ் கொசுவிலும் உண்டு. அது நம்மைத் தலைமுறை தலைமுறையாகக் கடித்துவருகிறது, இந்த பாக்டீரியா மனித உடம்பில் குடியேறவில்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஏஜிப்டியில் இயற்கையாக இது கிடையாது. மொத்த வித்தையும் அந்த ஒரு இல்லாமையில்தான் இருக்கிறது.

ஏஜிப்டி பெண் பெரும்பாலும் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் இணை சேரும். கிடைத்த விந்தை வயிற்றில் இருக்கும் சிறு பைகளில் சேமித்து வைத்துக்கொண்டு, இரத்தம் குடிக்கிற ஒவ்வொரு தடவையும் அதிலிருந்தே எடுத்துச் சுமார் நூறு முட்டை இடும். வோல்பாக்கியா உள்ள ஆணின் விந்தில் அந்த பாக்டீரியா ஒரு புரதப் பூட்டைப் போட்டு அனுப்புகிறது. அதைத் திறக்கும் சாவி, அதே வோல்பாக்கியா உள்ள பெண்ணின் முட்டையில் மட்டும் இருக்கும். இல்லாத முட்டையில், கருவின் முதல் பிளவிலேயே தந்தை வழி குரோமோசோம்கள் சரியாகச் சுருளாமல் சிக்கிக் கொள்ளும், கரு செத்துவிடும். ஒரு தப்பான மாப்பிள்ளை அமைந்தால் அந்தப் பெண் அதன் பிறகு இடும் முட்டை எல்லாமே வீண். இந்தப் பூட்டையும் சாவியையும் உண்டாக்கும் மரபணுக்களை 2017-ல்தான் அடையாளம் கண்டார்கள்.

பாக்டீரியாவைக் கண்டது என்னவோ 1924-லேயே. ஹெர்டிக், வோல்பாக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வீட்டுக் கொசுவின் உடலில் பார்த்தார்கள். வெகுகாலம் அதை யாரும் சட்டை செய்யவில்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 1967-ல் நடந்தது. ஜெர்மானியர் ஹான்ஸ் லாவன், ரங்கூனுக்குப் பக்கத்தில் ஒக்போ என்ற பர்மியக் கிராமத்தில், வேறு வம்சத்து ஆண் கியூலெக்ஸ் கொசுக்களைத் தொடர்ந்து விட்டு, அங்கிருந்த கூட்டத்தையே இல்லாமல் செய்தார். முட்டை ஏன் பொரிக்கவில்லை என்பதற்குக் காரணம் பாக்டீரியா என்று அப்போது அவருக்கே தெரியாது. 1970-களின் தொடக்கத்தில் யென், பார் என்ற இருவர் சொன்ன பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. கியூலெக்ஸ் பரப்பும் யானைக்கால் நோயை ஒழிக்கும் வேலையில் பிறந்த யோசனை இப்போது உன் வாசலுக்கு டெங்குவுக்காக வந்திருக்கிறது.

இயற்கையில் இல்லாததை ஏஜிப்டிக்குள் எப்படிப் புகுத்துவது? முட்டை இட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், ஓடு கறுத்துக் கெட்டியாவதற்கு முன்பு, கண்ணாடி ஊசியால் அதன் பின்முனையில் குத்திச் செலுத்த வேண்டும். பிற்காலத்தில் சினைமுட்டையும் விந்தும் ஆகப்போகும் செல்கள் அந்த முனையில்தான் உருவாகின்றன. வேறு இடத்தில் குத்தினால் அந்த ஒரு கொசுவோடு சரி, வாரிசுக்குப் போகாது. குத்திய முட்டைகளில் பெரும்பாலானவை செத்துவிடும். ஆயிரக்கணக்கில் குத்தி, தேறிய பெண்களின் சந்ததியை ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் ஒரு வம்சத்தை நிலைநிறுத்துவார்கள். ஆசியப் புலிக்கொசுவில் இருக்கும் டபிள்யூஆல்பிபி என்ற ரகத்தை 2005-ல் இப்படி ஏஜிப்டிக்கு மாற்றினார்கள். சிங்கப்பூரில் விடுவது அந்த ரகம்தான்.

இனி வளர்ப்பு. இதில்தான் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். ஆண் கூட்டுப்புழு சிறியது, பெண் பெரியது. சாய்வாகப் பொருத்திய இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே தண்ணீரோடு ஊற்றுவார்கள். இடைவெளி மேலே அகலம், கீழே குறுகல். பெண் மேலேயே மாட்டிக்கொள்ளும், ஆண் கீழே இறங்கிவிடும். ஆனால் தீனி குறைந்தாலோ தட்டில் நெரிசல் கூடினாலோ பெண்ணும் சிறுத்துப்போகும், ஆண்களோடு சேர்ந்து கீழே வந்துவிடும். அதனால் ஒரே அளவுத் தட்டு, ஒரே எண்ணிக்கைப் புழு, ஒரே வெப்பம், எடை போட்ட தீனி என்று எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். சிங்கப்பூரில் கேமராவும் கணினியும் வைத்து, வளர்ந்த கொசுவை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கும் இயந்திரமும் உண்டு.

நாலைந்து பெண் தப்பினால் என்ன என்று நினைப்பாய். கடிக்கும் என்பது சின்ன விஷயம். அவற்றிடம் சாவி இருக்கிறது. வெளியில் அவை பெருகினால், விடுகிற ஆண்களோடு சேர்ந்து நன்றாகவே குஞ்சு பொரிக்கும். பிறகு எத்தனை கோடி ஆணை விட்டாலும் பயன் இல்லை. அதற்காகத்தான் கூட்டுப்புழுப் பருவத்தில் குறைந்த அளவு எக்ஸ்ரே காட்டுகிறார்கள். அந்த அளவில் பெண் மலடாகிவிடும், ஆணுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. கொசுவுக்குக் கதிர்வீச்சு என்று யாராவது வாட்ஸ்ஆப்பில் பயமுறுத்தினால், விஷயம் இவ்வளவுதான் என்று சொல். எக்ஸ்ரே எடுத்த கையில் கதிர் ஒட்டிக்கொண்டிருக்காது, கொசுவிலும் அப்படித்தான்.

சிங்கப்பூரில் 2020-ல் மட்டும் 35,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அவ்வளவு சுத்தமான ஊரில் ஏன் என்று நீயே கேட்டிருக்கிறாய். பல பத்தாண்டுகளாகக் கொசுவை அடக்கி வைத்ததால் பெரும்பாலோருக்கு எதிர்ப்பு சக்தியே உருவாகவில்லை. கொஞ்சம் கொசு இருந்தாலும் நோய் பரவிவிடுகிறது. ஆண் கொசு விடும் வேலையைத் தேசிய சுற்றுப்புற வாரியம் 2016-லிருந்து செய்கிறது. விட்ட பகுதிகளில் ஏஜிப்டி 80 முதல் 90 சதவீதம் குறைந்தது, டெங்கு வரும் வாய்ப்பு 70 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. நிறுத்தினால் பக்கத்துப் பேட்டையிலிருந்து பெண்கள் திரும்ப வந்துவிடும் என்பதால், வாராவாரம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். செலவு பிடித்த வழி.

இன்னொரு வழி இதற்கு நேரெதிர். பெண்ணையும் சேர்த்தே விடுவது. வோல்பாக்கியா தாய் வழியில் எல்லாப் பிள்ளைக்கும் போகும். இல்லாத பெண்களின் முட்டைகள் கெட்டுப்போவதால், சில மாதங்களில் ஊர்க் கொசு எல்லாமே வோல்பாக்கியா கொசுவாக மாறிவிடும். கொசு குறையாது, கடியும் குறையாது. ஆனால் அந்தக் கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் எளிதில் பெருக முடியாது. செல்லுக்குள் வைரஸுக்கு வேண்டிய கொழுப்பை பாக்டீரியா முந்திக்கொள்கிறது, கொசுவின் எதிர்ப்பு சக்தியும் ஏற்கெனவே விழித்திருக்கிறது. ஆஸ்திரேலியர் ஸ்காட் ஓநீலின் குழு, பழ ஈயிலிருந்து எடுத்த டபிள்யூமெல் ரகத்தோடு 2011 ஜனவரியில் கெய்ன்ஸ் நகரத்துப் பக்கம் இதைத் தொடங்கியது.

நம்பத்தகுந்த சோதனை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்தது. நகரை 24 துண்டாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12 துண்டுகளில் மட்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முட்டை வாளிகளை வீடுகளில் வைத்தார்கள். பிறகு காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தவர்களைச் சோதித்து, யாருக்கு டெங்கு, அவர் எந்தத் துண்டு என்று எண்ணினார்கள். 2021-ல் முடிவு வெளியானது: டெங்கு 77 சதவீதம் குறைவு, மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போன டெங்கு 86 சதவீதம் குறைவு. கொசுவும் மனிதரும் துண்டுக்குத் துண்டு போய் வருவார்கள் இல்லையா, அதனால் உண்மையான பலன் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பது என் கணக்கு. எல்லா ஊரிலும் இப்படி அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரேசிலில் நித்தெரோய் நகரில் 69 சதவீதம் குறைந்தது. வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் ரியோவிலோ 38 சதவீதம்தான், அங்கே வோல்பாக்கியா திட்டுத் திட்டாகத்தான் பிடித்தது.

நம் புதுச்சேரியில் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டை வரவழைத்து, உள்ளூர்க் கொசுவோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, இரண்டு ரகத்திலும் புதுச்சேரி வம்சங்களை உருவாக்கி 2022-ல் அறிவித்தது. உள்ளூர்க் கலப்பு ஏன் முக்கியம் தெரியுமா? வெளியூர்க் கொசுவுக்கு நம் ஊர்ப் பூச்சிமருந்தைத் தாங்கும் திறன் இருக்காது, விட்ட மறுநாளே செத்துவிடும். நம் ஊருக்குப் பெண்ணையும் விடும் வழிதான் கட்டுப்படியாகும் என்று நினைக்கிறேன். சிக்கல் வெயிலில் இருக்கிறது. பகலில் 37 டிகிரிக்குச் சூடாகும் தண்ணீரில் புழு வளர்ந்தால், டபிள்யூமெல் ரகத்தில் பாக்டீரியா மளமளவென்று குறைந்துவிடும். சித்திரை மாதம் மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயரை நினைத்துப் பார். டபிள்யூஆல்பிபி சூட்டைத் தாங்கும், அதனால் மலேசியாக்காரர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

சரி, உன் வீட்டுக்கு வருவோம். ஆண் கொசு விட்ட காலையில் தாழ்வாரத்தில் வழக்கத்தைவிட அதிகமாகப் பறக்கும், பயப்படாதே. அடித்தாலும் குற்றமில்லை. கடி அடியோடு நின்றுவிடும் என்றும் எதிர்பார்க்காதே. கீழே புல்வெளியில் கடிப்பது அநேகமாகப் புலிக்கொசு: முதுகில் நட்டநடுவே ஒற்றை வெள்ளைக் கோடு இருக்கும், ஏஜிப்டிக்கு யாழ் வடிவக் கோடுகள். விடுகிற ஆண்கள் ஏஜிப்டியை மட்டும்தான் குறைக்கும்.

முட்டையிலிருந்து கொசு ஆக ஏழு முதல் பத்து நாள். அதனால் வாரத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் போடாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். கறுப்பாக, கடுகைவிடச் சின்னதாக இருக்கும். காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். வாளி விளிம்பையும் பூந்தொட்டித் தட்டையும் நாரால் அழுத்தித் தேய். துணி காயப்போடும் மூங்கில் கழிகளைச் செருகும் குழாய்களுக்கு மூடி போடு, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தொட்டி மண் இறுகியிருந்தால் கிளறிவிடு. தீபாவளிக்கு இங்கே கிளம்பும்போது கழிப்பறை மூடியையும் தரைத் துவாரத்தையும் மூடிவிட்டு வா.

ஏஜிப்டி பகலில் கடிக்கும், விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம். நிலவன் பகலில் தூங்கும்போதுதான் வலை வேண்டும். இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்கு டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த பூச்சைப் பூசலாம், 30 சதவீதத்துக்கு மேல் இருப்பதை வாங்காதே. கையில் பூச வேண்டாம், வாயில் வைத்துக்கொள்வான்.

உங்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், முதல் ஐந்து நாளுக்குள் டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 இரத்தச் சோதனை எடுங்கள். நிலவனுக்கு என்றால் அன்றே மருத்துவரிடம் போ. டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது இல்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே காய்ச்சல் இறங்கும்போதுதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வேலைக்குக் கிளம்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வயிற்றில் தொடர்ந்து வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அசாத்திய சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இதில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனை. பப்பாளி இலைச் சாறு கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் இரத்தக்கசிவைக் கூட்டும். மாப்பிள்ளை முதுகுவலிக்கு ஏதோ மாத்திரை போடுகிறார் என்றாயே, அதன் அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா